போன பாக்கெட் ஏன் திரும்பவில்லை?

புதுச்சேரியின் வரைபடம் ஒரே துண்டாக இல்லை. நகரத்திலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே போனால் வில்லியனூர், அரியூர் வரை புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. திருவண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு என்றால் மறுபடி புதுச்சேரி. அதையும் தாண்டி வளவனூர் வந்துவிட்டால் திரும்பவும் தமிழ்நாடு. நெட்டப்பாக்கம் கொம்யூனை (புதுச்சேரியின் உள்ளாட்சிப் பிரிவு) சேர்ந்த மடுகரை இந்தத் துண்டுகளில் ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது. கரும்பு வயலின் இந்த வரப்பு ஒரு அரசுக்கும் எதிர் வரப்பு இன்னொரு அரசுக்கும் கட்டுப்பட்டவை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் உண்டான எல்லைக்கோடுகள் இன்றும் அப்படியே நிற்கின்றன. ஆனாலும் புதுச்சேரித் துண்டுகள் எல்லாவற்றுக்கும் நிர்வாகம் ஒன்றுதான். புதுச்சேரித் தலைமைச் செயலகத்திலிருந்து கொம்யூன் அலுவலகத்துக்கு வரும் கோப்பு வழியில் தமிழ்நாட்டு மண்ணைக் கடக்கிறது. அதை அங்கே யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள், இணையத்துக்குள் நடத்திவரும் தனி வலையமைப்பும் இதே வடிவத்தில்தான் இருக்கிறது. அதற்கு 44 வலை என்று பெயர். அதன் எல்லா முகவரிகளும் 44 என்ற எண்ணில் தொடங்குகின்றன. உலகெங்கும் சிறு சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் அந்த வலையில், ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போக வேண்டுமானால் நடுவில் பொது இணையம் என்ற அயல்நிலத்தைக் கடக்க வேண்டும். அந்தக் கடப்புக்குத்தான் டனல். டனலில் கோளாறு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். இந்தக் கேள்வி ஹாம்களுக்கு மட்டும் உரியது என்று நான் நினைக்கவில்லை. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு விபிஎன் போட்டு வேலை பார்க்கும் எவருக்கும் இதே கோளாறுகள் வரும். ஆனால் ஹாம்கள் டனலைத் திறந்தே வைத்திருப்பதால், உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும்.

1981இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹாங்க் மாக்னஸ்கி என்ற ஹாம், இணைய முகவரிகளைப் பகிர்ந்தளித்துவந்த ஜான் போஸ்டலிடம் அமெச்சூர் வானொலிக்கென ஒரு முகவரித் தொகுதி கேட்டார். இணையம் அப்போது ஆய்வுக்கூடங்களுக்குள் மட்டுமே இருந்தது. 44.0.0.0 முதல் 44.255.255.255 வரை, 1,67,77,216 முகவரிகள் கிடைத்தன. அன்றிருந்த மொத்த ஐபி முகவரிகளில் இது 256இல் ஒரு பங்கு. மாக்னஸ்கி அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1980 டிசம்பரில், வானொலி அலையில் பாக்கெட்டுகளை, அதாவது தரவின் சிறு பொட்டலங்களை, வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஓடவிட்டிருந்தார். 1980களின் நடுவில் ஃபில் கார்ன் என்ற இன்னொரு ஹாம், சாதாரண மேசைக் கணினியில் ஓடும் டிசிபி-ஐபி மென்பொருளை எழுதி இலவசமாகப் பரப்பினார். வானொலிப் பெட்டி, ஒரு மோடம், ஒரு கணினி இருந்தால் போதும், வீட்டிலிருந்தே இணையத்தின் மொழியைப் பேசலாம் என்ற நிலை அப்போது வந்தது.

நாடுநாடாக 44இன் உட்பிரிவுகள் கொடுக்கப்பட்டன. சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு நுழைவாயில் கணினி வைக்கப்பட்டது. பிரையன் கான்டர் பல ஆண்டுகள் அதைப் பொறுப்பேற்று நடத்தினார். யாருக்கும் ஒதுக்கப்படாத முகவரிகளை நோக்கி உலகெங்குமிருந்து வந்து விழும் குப்பைப் பாக்கெட்டுகளும் அங்கே சேர்ந்தன. அவற்றை ஆய்வாளர்கள் சேகரித்துப் படித்தார்கள். 2001 ஜூலையில் ‘கோட் ரெட்’ என்ற புழு நிரல் 14 மணி நேரத்துக்குள் 3,59,000க்கும் மேற்பட்ட கணினிகளைத் தொற்றியதை அளந்து சொல்ல இந்த வெற்று முகவரிகள் உதவின. ஆளில்லாத முகவரிக்கு ஒரு பாக்கெட் வந்தால் அது வழிதவறியதாகவோ தீய நோக்கம் கொண்டதாகவோதான் இருக்கும் என்பது எளிய தர்க்கம். பொழுதுபோக்குக்காரர்களின் சொத்து என்று ஒதுக்கப்பட்ட ஒன்று இணையத்தின் உடல்நலத்தை அளக்கும் கருவியானது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

இனி டனலுக்கு வருவோம். மடுகரையில் ஒரு ஹாம் நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் ஃபைபர் இணைப்பு, ஒரு லினக்ஸ் ரவுட்டர், ஒதுக்கப்பட்ட சிறு 44 முகவரித் தொகுதி. இன்னொரு நிலையம் புதுச்சேரியின் வேறொரு கொம்யூனான பாகூரில். மடுகரையிலிருந்து கிளம்பும் பாக்கெட்டின் தலைப்பில் ‘அனுப்புநர் 44இல் இன்ன எண், பெறுநர் 44இல் இன்ன எண்’ என்று இருக்கிறது. ரவுட்டர் இதை அப்படியே பொது இணையத்தில் விடாமல், இதற்கு வெளியே இன்னொரு தலைப்பைப் போட்டு மூடுகிறது. வெளித் தலைப்பில் இருப்பவை இரண்டு வீடுகளுக்கும் இணைய நிறுவனங்கள் கொடுத்த சாதாரண முகவரிகள். நடுவிலுள்ள ரவுட்டர்கள் வெளித் தலைப்பை மட்டுமே படிக்கும். பாகூர் ரவுட்டர் வெளித் தலைப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளிருக்கும் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளும். ஐபிக்குள் ஐபி என்பதால் இதை ஐபிஐபி என்கிறார்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இதனால் கூடும் எடை 20 பைட்.

எந்த 44 துண்டு எந்த வீட்டு முகவரிக்குப் பின்னால் இருக்கிறது என்பதை மடுகரை ரவுட்டர் எப்படி அறியும்? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சான் டியேகோவிலிருந்து ஒரு வழிப்பட்டியல் அறிவிப்பு வரும். அதுவும் டனலுக்குள்ளேயே, 44.0.0.1 என்ற முகவரியிலிருந்து, ரிப் என்ற பழைய நெறிமுறையில் வரும். அந்தப் பட்டியலைக் கேட்டு ரவுட்டர் தன் அட்டவணையைத் திருத்திக்கொள்ளும்.

கோளாறு தேடத் தொடங்க வேண்டிய இடமும் இந்த அறிவிப்புதான். டிசிபிடம்ப் என்ற கருவியை வெளிப்பக்கத்து இணைப்பில் ஓடவிட்டு, ஐபிஐபி பாக்கெட் ஏதாவது வருகிறதா என்று பத்து நிமிடம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒன்றும் வரவில்லை என்றால், நம் அட்டவணையை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. வாசல் மூடியிருக்கிறது.

நம் ஊர்ப்பக்கம் வாசல் மூடியிருக்க முதன்மையான காரணம், வீட்டுக்குச் சொந்தமாக ஒரு பொது முகவரி இல்லாததுதான். பழைய வகை ஐபி முகவரிகள் தீர்ந்துபோனதால் இணைய நிறுவனங்கள் பல நூறு வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் அப்படிப்பட்ட கூட்டுக் குடித்தனத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. வழக்கமான இணையப் போக்குவரத்தில் போர்ட் எண் என்று ஒன்று இருக்கும். உள்ளே வரும் பாக்கெட் எந்த வீட்டுக்குரியது என்பதை நிறுவனத்தின் கருவி அதை வைத்துத்தான் பிரிக்கிறது. ஐபிஐபி பாக்கெட்டில் போர்ட் எண்ணே கிடையாது. அதனால் அது வாசலிலேயே கைவிடப்படும். இதற்குத் தீர்வு நிலையான பொது முகவரியைக் காசு கொடுத்து வாங்குவது, அல்லது போர்ட் எண் உள்ள வேறு வகை டனலைப் பயன்படுத்துவது. வயர்கார்டு போன்ற புதிய டனல்கள் யுடிபி போர்ட்டின் மேல் ஓடுவதால் இந்தத் தடையைத் தாண்டிவிடும். 44 வலையை நடத்தும் ஏஆர்டிசி அமைப்பும் இப்போது அந்த வழியைத் தருகிறது. கூட்டு முகவரியில் இருப்பவர்கள் ஐபிஐபியோடு போராடிக்கொண்டிருப்பது வீண் என்பதே என் கருத்து.

பொது முகவரி இருந்தும் ஏமாற்றும் ஒரு கோளாறு உண்டு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் சரியாக இருப்பது போலவே இது காட்சியளிக்கும். ஐந்து நிமிட அறிவிப்பு ஒழுங்காக வருகிறது. சான் டியேகோவுக்கு பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைப் பாக்கெட்) போகிறது, பதில் வருகிறது. ஆனால் பாகூர் நண்பர் மடுகரையைத் தொடர்புகொள்ள முயன்றால் ஒன்றும் நடப்பதில்லை. மடுகரைக்காரர் ஒருமுறை பாகூரை பிங் செய்துவிட்டால், அதன்பின் பாகூரிலிருந்தும் வர முடிகிறது! சிறிது நேரம் சும்மா இருந்தால் மறுபடி மூடிக்கொள்கிறது.

ரவுட்டரின் தடுப்புச் சுவர் ஐபிஐபியை வெளிப்படையாக அனுமதிக்கவில்லை என்பதே இதற்கு விளக்கம். உள்ளேயிருந்து யாரிடம் பேசத் தொடங்கினோமோ அவரிடமிருந்து வரும் பதிலை மட்டும் சுவர் உள்ளே விடுகிறது. லினக்ஸில் இப்படிப்பட்ட நினைவு, பேச்சு நின்றபின் இயல்பாக 600 விநாடி இருக்கும். அதாவது பத்து நிமிடம். சான் டியேகோ அறிவிப்போ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. ஆக, தொடக்கத்தில் நாம் தற்செயலாக அனுப்பிய ஒரே ஒரு பிங், அந்த ஒரு வழியை மாதக்கணக்கில் திறந்தே வைத்திருக்கும். மின்சாரம் போய் ரவுட்டர் மறுபடி கிளம்பும்போது நினைவு அழியும், ‘நேற்றுவரை ஓடியது, இன்று ஓடவில்லை’ என்ற புகார் எழும். ஐபி நெறிமுறை எண் 4ஐ வெளியிலிருந்து அனுமதிக்கும் ஒரே ஒரு விதியைச் சேர்த்தால் தீர்ந்தது. டிசிபி போர்ட் 4, யுடிபி போர்ட் 4 என்று தவறாகத் திறந்துவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர். நெறிமுறை எண் வேறு, போர்ட் எண் வேறு.

அடுத்தது, என் பார்வையில் டனல் கோளாறுகளிலேயே முக்கியமானது: திரும்பும் வழி. பாக்கெட் போகும் வழியும் பதில் வரும் வழியும் ஒன்று என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இணையத்தில் அப்படி எந்த உறுதியும் இல்லை. ஒவ்வொரு ரவுட்டரும் தன்னிடம் வந்த பாக்கெட்டின் பெறுநர் முகவரியை மட்டும் பார்த்து அடுத்த அடியைத் தீர்மானிக்கிறது. அது எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்பது அதற்குத் தேவையில்லை.

ஜெர்மனியிலிருந்து ஒருவர், 44 முகவரி எதுவும் இல்லாத சாதாரண இணைய இணைப்பிலிருந்து, மடுகரை நிலையத்தின் வலைப்பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கோரிக்கை சான் டியேகோ போய், டனல் வழியாக மடுகரைக்கு வந்துவிடும். மடுகரைக் கணினி பதில் எழுதுகிறது. அனுப்புநர் இடத்தில் 44 முகவரி, பெறுநர் இடத்தில் ஜெர்மன் முகவரி. ரவுட்டர் அட்டவணையைப் பார்க்கிறது. ஜெர்மன் முகவரி 44இல் இல்லை. எனவே வழக்கமான வழியில், உள்ளூர் இணைய நிறுவனத்திடம் நேரே கொடுத்துவிடுகிறது. நிறுவனத்தின் ரவுட்டர் அனுப்புநர் முகவரியைப் பார்க்கிறது. தான் இந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்காத முகவரி. போலி என்று கருதி வீசியெறிகிறது. பிறர் பெயரில் போலிப் பாக்கெட் அனுப்பி நடத்தும் தாக்குதல்களைத் தடுக்க 2000ஆம் ஆண்டில் பரிந்துரைக்கப்பட்ட நல்ல நடைமுறை இது. அதன்மேல் குறை சொல்ல முடியாது. புதுச்சேரிக் கோப்பைத் தமிழ்நாட்டு அஞ்சல் பையில் போடாமல் வெறுங்கோப்பாகச் சாலையில் வைத்தவர் நாம்தான்.

பெறுநரை மட்டும் பார்க்காமல் அனுப்புநரையும் பார்த்து முடிவெடுக்கும்படி ரவுட்டருக்குச் சொல்வதே இதற்குத் தீர்வு. லினக்ஸில் இரண்டாவது வழி அட்டவணை ஒன்றை வைத்து, ‘அனுப்புநர் 44இல் தொடங்கினால் இந்த அட்டவணையைப் பார், அதில் வேறு வழி இல்லையென்றால் சான் டியேகோ டனலில் போடு’ என்று ஒரு விதி எழுத வேண்டும். இதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வந்த பாக்கெட்டின் அனுப்புநருக்குப் பதில் அனுப்பினால் அதே இணைப்பு வழியாகத்தான் போகுமா என்று லினக்ஸ் சரிபார்க்கும் ஒரு சோதனை உண்டு, ஆர்பி ஃபில்டர் என்று பெயர். கடுமையான நிலையில் அது இருந்தால், டனல் வழியாக வரும் நியாயமான பாக்கெட்டையும் ஓசையில்லாமல் கைவிட்டுவிடும். டிசிபிடம்பில் பாக்கெட் வருவது தெரியும், நிரலுக்கு மட்டும் வந்து சேராது. இந்த அறிகுறியைப் பார்த்தவுடன் ஆர்பி ஃபில்டரைத் தளர்ந்த நிலைக்கு மாற்றிப் பாருங்கள்.

இதிலிருந்து ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளலாம். ‘பிங் போகவில்லை’ என்ற வாக்கியத்தை யாரும் சொல்லவோ ஏற்கவோ கூடாது. போனதா, போய் வந்ததா என்று பிரித்துக் கேட்க வேண்டும். இரு முனையிலும் ஒரே நேரத்தில் டிசிபிடம்ப் ஓடவிட்டு, இருவரும் தொலைபேசியிலோ ஹாம்களின் இரண்டு மீட்டர் அலைவரிசையிலோ பேசிக்கொண்டே பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். தனியாளாக ஒரு முனையில் உட்கார்ந்து இரவெல்லாம் ஊகித்துக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

2019க்குப் பின் ஒரு வினோதமான கோளாறு முளைத்தது. அந்த ஆண்டு ஜூலையில் ஏஆர்டிசி, 44.192.0.0 முதல் 44.255.255.255 வரையான 41,94,304 முகவரிகளை அமேசான் நிறுவனத்துக்கு விற்றது. கிடைத்த தொகை பத்துக் கோடி டாலருக்கும் மேல். அமெச்சூர் வானொலிக்கும் திறந்த தொழில்நுட்பத்துக்கும் நல்கை வழங்க அது பயன்படுகிறது. உலக ஹாம்களிடம் கேட்காமல் விற்றுவிட்டார்கள் என்ற மனக்கசப்பும் உண்டு. விற்பனை முடிந்த சில மாதங்களில், நவம்பரில், பிரையன் கான்டர் காலமானார்.

வினோதம் இதுதான். பழைய ஹாம் ரவுட்டர்களில் ‘44இல் தொடங்கும் எல்லாமே டனலுக்கு’ என்று ஒரே வரியில் எழுதிவைத்திருந்தார்கள். அந்த வரி பல ஆண்டுகள் சரியாக இருந்தது. விற்பனைக்குப் பிறகு, அந்த வீட்டிலிருப்பவர்களுக்குச் சில வலைத்தளங்கள் மட்டும் திறக்கவில்லை. மற்ற எல்லாம் நன்றாக ஓடுகின்றன. பக்கத்து வீட்டில் அதே தளம் திறக்கிறது. திறக்காத தளங்களெல்லாம் அமேசானின் கணினிகளில், 44.192க்கு மேற்பட்ட முகவரிகளில் இருப்பவை. அவற்றுக்கான பாக்கெட்டுகள் ஹாம் டனலுக்குள் போய்க் காணாமல்போகின்றன. அந்த ஒரு வரியை 44.0.0.0 முதல் 44.127.255.255 வரை, 44.128.0.0 முதல் 44.191.255.255 வரை என இரண்டாகப் பிரித்து எழுதினால் சரியாகிவிடும். கருவி பழுதாகவில்லை, மென்பொருளும் மாறவில்லை. உலகம் மாறியதை அட்டவணை அறியவில்லை. பழைய வழிகாட்டிக் குறிப்புகளைப் பார்த்து இன்று புதிதாக நிலையம் அமைப்பவர்களும் இதே குழியில் விழக்கூடும்.

இதன் உறவான இன்னொரு கோளாறும் உண்டு. சில நிலையங்கள் தங்கள் 44 முகவரிகளைச் சான் டியேகோவை நம்பாமல், பிஜிபி என்ற வழி அறிவிப்பு நெறிமுறை மூலம் பொது இணையத்தில் நேரடியாக அறிவித்துக்கொள்கின்றன. அவற்றின் டனல் முனையே 44 முகவரியாக அமைந்துவிட்டால் ஒரு சிக்கல் எழும். மடுகரை ரவுட்டர் பாக்கெட்டை மூடி வெளித் தலைப்பு போடுகிறது. வெளித் தலைப்பின் பெறுநரும் 44. அட்டவணையைப் பார்த்தால் ‘44 என்றால் டனல்’ என்கிறது. எனவே அதை மறுபடி மூடுகிறது. அதற்கும் வெளித் தலைப்பு 44. முடிவில்லாத சுற்று. லினக்ஸ் இதை உணர்ந்து பாக்கெட்டைக் கொன்றுவிட்டுப் பதிவேட்டில் எச்சரிக்கை எழுதும். பதிவேட்டைப் படிக்கும் பழக்கம் உள்ளவர் பிழைத்துக்கொள்வார். மூடிய பாக்கெட்டுகளுக்கு எப்போதும் வெளி இணைப்பே வழி என்று தனி விதி எழுதுவதுதான் மருந்து.

சின்ன பிங் போகிறது, உரையாடல் தொடங்குகிறது, ஆனால் வலைப்பக்கம் பாதியில் நின்றுவிடுகிறது என்றால், 20 பைட் எடையை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஈதர்நெட்டில் பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். டனலுக்குள் 1480தான் மிஞ்சும். நம்மூர் ஃபைபர் இணைப்புகள் சிலவற்றில் பிபிபிஓஇ என்ற முறை இன்னும் 8 பைட் எடுத்துக்கொள்ளும், அப்போது 1472. பெரிய பாக்கெட் ஒன்று பொருந்தாமல் போனால் ‘அளவைக் குறை’ என்ற செய்தி அனுப்புநருக்குத் திரும்பிப் போக வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் அந்தச் செய்தியையே தடுத்துவைத்திருக்கும் ரவுட்டர்கள் ஏராளம். பிங் கட்டளையில் அளவைக் கூட்டிக்கூட்டி அனுப்பி எங்கே நிற்கிறது என்று பார்த்தால், எந்த எண்ணில் சுவர் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த சோதனை. மடுகரைக்கும் பாகூருக்கும் இருபது கிலோமீட்டருக்குக் குறைவான தூரம். இரண்டுக்கும் இடையே பிங் 300 மில்லி விநாடிக்கு மேல் எடுக்கிறது என்றால், பாக்கெட் எங்கே போய் வருகிறது என்று, பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட் கருவி இல்லாமலே சொல்லிவிடலாம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். இங்கிருந்து சான் டியேகோ நேர்கோட்டில் சுமார் 14,700 கிலோமீட்டர். கோரிக்கை அங்கே போய் இங்கே வர 29,400, பதிலும் அங்கே போய் இங்கே வர இன்னொரு 29,400. மொத்தம் 58,800 கிலோமீட்டர், குறைந்தது 294 மில்லி விநாடி. ஆகவே இரு வீடுகளுக்கும் இடையே நேரடி டனல் அமையவில்லை, இரண்டும் அமெரிக்கா வழியாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. 150ஐ ஒட்டியோ சற்று மேலாகவோ எண் வந்தால், ஒரு திசை மட்டும் நேரடியாகவும் மறு திசை அமெரிக்கா வழியாகவும் போவதாகச் சந்தேகிக்கலாம். ஒளியின் வேகத்தை யாரும் ஏமாற்ற முடியாது என்பதால், நேரத்தைப் போல நேர்மையான சாட்சி வேறில்லை.

டனல் மட்டுமே 44 வலை ஆகிவிடாது. டனலின் முனையில் வானொலி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அங்கே கோளாறின் இயல்பே வேறு. விநாடிக்கு 1200 பிட் என்ற பழைய வேகத்தில் 1500 பைட் பாக்கெட் ஒன்று அலையில் ஏறி முடிக்கவே பத்து விநாடி ஆகும். அதற்குள் அனுப்புநர் ‘பதில் வரவில்லையே’ என்று அதையே மறுபடி அனுப்பினால் அலைவரிசை நெரிசலில் மூச்சுத் திணறும். பதில் வந்தாலும், அது முதலில் அனுப்பியதற்கா இரண்டாவதாக அனுப்பியதற்கா என்று தெரியாது. தவறாகக் கணித்தால் காத்திருக்கும் நேரமே தவறாகிவிடும். வானொலியில் இந்தத் துன்பத்தை நேரில் பட்ட ஃபில் கார்ன், கிரெய்க் பார்ட்ரிட்ஜுடன் சேர்ந்து 1987இல் ஒரு தீர்வைச் சொன்னார்: மறுபடி அனுப்பிய பாக்கெட்டின் பதிலை வைத்துப் பயண நேரத்தைக் கணக்கிடாதே, ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் காத்திருப்பை இரட்டிப்பாக்கு, புதிய பாக்கெட்டுக்குச் சரியான பதில் வரும்வரை அந்த நீண்ட காத்திருப்பையே வைத்துக்கொள். கார்ன் வழிமுறை என்ற பெயரில் இது டிசிபியின் விதியாகவே ஆகிவிட்டது. நீங்கள் கையில் வைத்திருக்கும் கைபேசியிலும் டிசிபியின் கடிகாரத்துக்கு அடித்தளம் அதுதான்.

வானொலிக்கே உரிய இன்னொரு கோளாறும் உண்டு. பாகூர் நிலையமும் மண்ணாடிப்பட்டு நிலையமும் வில்லியனூர் ரிப்பீட்டரைக் கேட்கின்றன, ஆனால் ஒன்றையொன்று கேட்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை சும்மா இருக்கிறது என்று இரண்டும் ஒரே நேரத்தில் அனுப்பும். வில்லியனூரில் இரண்டும் மோதிச் சிதையும். இதற்கும் கார்ன் 1990இல் ஒரு முறையை முன்மொழிந்தார். முதலில் சிறு செய்தியால் அனுமதி கேள், அனுமதி வந்தபின் அனுப்பு. இன்றைய வைஃபையிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. மெதுவான, மோசமான வானொலி இணைப்பில் உழைத்தவர்களின் பாடம் உலகம் முழுவதற்கும் பயன்பட்டிருக்கிறது.

நம் கொம்யூன்களுக்கு ஹாம் வலை ஏன் தேவை? 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை ஏறி, 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 செ.மீ. மழையைக் கொட்டியது. பின்னாலேயே சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. இத்தகைய பேரிடரில்தான் ஹாம் வானொலி கைகொடுக்கும். 2004 டிசம்பரில் அந்தமானில் ஹாம் நிலையம் இயக்கப் போயிருந்த பாரதி பிரசாத், சுனாமி தாக்கியவுடன் போர்ட் பிளேரிலிருந்து வானொலி மூலம் செய்திகளை வெளியுலகத்துக்குக் கடத்தினார். எல்லாக் கம்பியும் அறுந்த இடத்தில் ஒரு பெட்டியும் ஒரு பேட்டரியும் என்ன செய்யும் என்பதற்கு அது சான்று.

இங்கே உண்மையை உரக்கச் சொல்ல வேண்டும். ஃபைபர் அறுந்தால் டனலும் அறும். இணையத்தின் மேல் கட்டிய ஹாம் வலை, இணையம் விழும் நாளில் உதவாது. மடுகரைக்கும் பாகூருக்கும் வில்லியனூருக்கும் இடையே வானொலியிலேயே நேரடி இணைப்பு இருந்து, வெளியுலகத்துக்கு மட்டும் டனல் இருந்தால்தான் அந்த வலை புயல் நாளில் நிற்கும். நம் தரை சமதளம். கோபுர உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வானொலி அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரு பக்கமும் 9 மீட்டர் கம்பம் நட்டால் கணக்குப்படி 24 கிலோமீட்டருக்கு மேல் எட்டும். தென்னையும் சவுக்கும் மறைக்கும் இடங்களில் கம்பத்தை உயர்த்த வேண்டும். ஒரு விதியையும் நினைவில் வைக்க வேண்டும்: வெவ்வேறு நாட்டு ஹாம் நிலையங்களுக்கிடையே பொருளை மறைக்கும் குறியாக்கத்தை உலக வானொலி விதிகள் அனுமதிப்பதில்லை. டனலின் இணையப் பகுதியில் வயர்கார்டு இருக்கலாம், அலையில் ஏறுவது திறந்த செய்தியாகவே இருக்க வேண்டும்.

இந்தியாவில் ஹாம் உரிமத்துக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். தொடக்க நிலை உரிமமான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை. அடிப்படை மின்னணுவியலும் விதிகளும் தெரிந்தால் போதும். நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் பள்ளி ஆசிரியர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள், கணினிக் கடை வைத்திருக்கும் இளைஞர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தேர்வை எழுதுங்கள். உரிமம் வந்ததும் பக்கத்து ஊரில் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு முதலில் வானொலி இணைப்பைப் போடுங்கள், டனலை அடுத்து வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் அக்டோபரில் பருவமழை தொடங்கும் முன் ஒருமுறை, வீட்டு ஃபைபர் கம்பியை வேண்டுமென்றே கழற்றிவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.